இசட் டிரைவ் எங்கே போச்சு?

ஜூன் மாதம். மழை விடாமல் பிடித்திருந்த ஒரு காலை. நாகர்கோவிலில் நான் அவ்வப்போது கணினி பார்த்துக் கொடுக்கும் ஒரு கணக்கர் அலுவலகத்திலிருந்து போன். "அண்ணே, இசட் டிரைவக் காணல. மூணு வருசக் கணக்கும் அதுலதான் கிடக்கு. எல்லாம் போச்சா?" குரல் கம்மியிருந்தது. பின்னால் யாரோ "வைரஸா இருக்கும்" என்று சொல்வதும் கேட்டது.

"பதறாத மக்கா, ஒண்ணும் போகல" என்றேன். நம்பவில்லை. போனில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. விண்டோஸ் அந்த இசட்டை சி, டி டிரைவ்களுக்குப் பக்கத்திலேயே, கிட்டத்தட்ட அதே மாதிரிப் படத்தோடு வரிசையில் நிறுத்துகிறது. பார்ப்பவருக்கு அது பெட்டிக்குள் இருக்கும் இன்னொரு ஹார்ட் டிஸ்க். அது மறைந்தால் டிஸ்க் போச்சு, டிஸ்க் போனால் கணக்கு போச்சு. கணக்கு சரியாகத்தான் போடுகிறார்கள், தொடங்கிய இடம்தான் தப்பு.

## போனில் சேமித்த மாமா

உங்கள் போனில் தக்கலை மாமாவின் எண்ணை 'மாமா' என்று சேமித்திருக்கிறீர்கள். உண்மையான விலாசம் அந்தப் பத்து இலக்க எண். 'மாமா' என்பது உங்கள் வசதிக்கு. என் போனிலும் ஒரு 'மாமா' இருக்கிறார். அவர் குளச்சல்காரர், எண் வேறு. ஒரு நாள் போனை மாற்றியதும் பட்டியலில் 'மாமா'வைக் காணோம். அதற்காக யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. எண் தெரிந்தால் நேராக அழுத்திப் பேசிவிடுகிறோம்.

இசட் மாதிரி 'மேப் செய்த டிரைவ்' என்பது இவ்வளவுதான்: வேறொரு கணினியில் இருக்கும் ஒரு ஃபோல்டரின் நீண்ட விலாசத்துக்கு உங்கள் கணினி வைத்துக்கொண்ட ஓரெழுத்துப் பெயர். அந்த ஃபோல்டர் இருக்கும் கணினியை இங்கே 'பெரிய கணினி' என்கிறேன். ஆபீஸில் அதை மரியாதையாக 'சர்வர்' என்பார்கள், பல இடங்களில் அது மூலையில் தூசி பிடித்துக் கிடக்கும் சாதாரணக் கணினிதான். மற்றவர்களும் திறந்துகொள்ளலாம் என்று அதில் அனுமதி கொடுத்து வைத்த ஃபோல்டருக்குப் பெயர் ஷேர். முழு விலாசம் இப்படி இருக்கும்:

\\ஆபீஸ்\கணக்கு

இரண்டு பின்சாய்வுக் கோடு, பெரிய கணினியின் பெயர், மறுபடி ஒரு கோடு, ஷேரின் பெயர். கணினியில் இதை ஆங்கில எழுத்தில் தட்டுவோம். இங்கே வாசிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன். இதைத் தினமும் தட்ட யாருக்கும் பொறுமை கிடையாது. அதனால்தான் இசட்.

இதிலிருந்து இரண்டு விஷயம் உடனே தெளிவாகும். ஒன்று, உங்கள் இசட்டும் பக்கத்து மேஜை இசட்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. "இசட்ல போட்டிருக்கேன், எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போவது, "மாமாகிட்ட குடுத்திருக்கேன்" என்று ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்வது மாதிரி. யார் மாமா?

இன்னொன்று, இசட்டின் மேல் ரைட் கிளிக் செய்து 'டிஸ்கனெக்ட்' கொடுத்தால் பெயர் மட்டும்தான் நீங்கும், பெரிய கணினியில் ஒரு ஃபைலும் அசையாது. ஆனால் இசட்டுக்குள் போய் ஒரு ஃபைலை அழித்தால் கதை வேறு. அது பெரிய கணினியிலேயே அழியும். உங்கள் கணினியின் ரீசைக்கிள் பின்னுக்கும் வராது, நேராகப் போய்விடும். பயப்பட வேண்டியது இதற்குத்தான். நான் பார்த்தவரை மக்கள் டிஸ்கனெக்ட் செய்யக் கை நடுங்குகிறார்கள், அழிக்கும் பட்டனை அலட்சியமாக அழுத்துகிறார்கள்.

## 'காணல' என்பதில் மூன்று வகை

போன் வந்ததும் நான் முதலில் கேட்பது, "எழுத்தே இல்லையா, இல்ல சிவப்புப் பெருக்கல் குறி போட்டு நிக்குதா?" என்றுதான். எல்லாவற்றையும் 'காணல' என்றே சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் மூன்று நிலைமை உண்டு.

எழுத்தே பட்டியலில் இல்லை என்றால், பெயர் தொலைந்திருக்கிறது. எழுத்து இருக்கிறது, சிவப்புக் குறியும் இருக்கிறது, திறந்தால் திறக்கவில்லை என்றால், பெயர் இருக்கிறது, ஆள் கிடைக்கவில்லை. மூன்றாவது வேடிக்கையானது. சிவப்புக் குறி இருக்கும், இரட்டைக் கிளிக் செய்தால் சமர்த்தாகத் திறந்துகொள்ளும்.

அந்த மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அது கோளாறே கிடையாது. பெரிய கணினியோடு பேசாமல் சும்மா இருந்தால், விண்டோஸின் இயல்பான ஏற்பாட்டின்படி 15 நிமிடத்தில் அது இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். பேசாத போனை எதற்குப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற சிக்கனம். மறுபடி தொட்டதும் தானே இணையும். வைஃபையில் ஓடும் லேப்டாப்பில் காலையிலேயே சிவப்புக் குறி தெரிவதற்கும் காரணம் இதே மாதிரி எளிமையானது. நீங்கள் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே வந்த நொடியில் விண்டோஸ் இசட்டைத் தேடுகிறது. வைஃபை அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்திருக்கிறது. தேடினேன், கிடைக்கவில்லை என்று குறி போட்டுவிடுகிறது. அரை நிமிடம் கழித்துத் தொட்டால் திறக்கும்.

## ஒரே ஒரு சோதனை

மீதி இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி போதும். விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் இசட்டை மறந்துவிட்டு முழு விலாசத்தைத் தட்டி என்டர் கொடுங்கள்.

ஃபோல்டர் திறந்துவிட்டதா? ஆள் நலம், வழியும் நலம். உங்கள் கணினியில் பெயர்தான் குளறுபடி. திறக்கவில்லையா? குறை வழியில், அல்லது பெரிய கணினியின் வாசலில். இந்த ஒரு பதிலைச் சொல்லிவிட்டு என்னை அழைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

விலாசமே ஞாபகம் இல்லை என்றால், கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து 'நெட் யூஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள், நடுவில் ஓர் இடைவெளி விட்டு. எந்த எழுத்து எந்த விலாசத்துக்கு என்று பட்டியல் வரும். அங்கேயும் இல்லை என்றால் பக்கத்து மேஜைக் கணினியில் தட்டிப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கண்ட்ரோல் பேனலை ஐந்து நிமிடம் துழாவுவதைவிட இந்தக் கறுப்புத் திரை எவ்வளவோ நல்லது.

## பெயர் தொலைந்திருந்தால்

பெரும்பாலும் காரணம் அற்பமானது. மேப் செய்த அன்று 'ரீகனெக்ட் அட் சைன்-இன்' என்ற கட்டத்தில் டிக் போட மறந்திருப்பார்கள். கணினியை அணைத்ததும் பெயரும் போய்விடும். மறுபடி மேப் செய்து டிக் போட்டால் முடிந்தது. இல்லையென்றால் யாராவது பென் டிரைவ் செருகியிருப்பார்கள், அது அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பென் டிரைவுகளுக்கு விண்டோஸ் முன்வரிசை எழுத்துகளையே கொடுக்கும். மேப் செய்ய நாங்கள் இசட், ஒய் என்று கடைசியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

இதைவிடச் சுவாரசியமான காரணம் ஒன்று உண்டு. இதுதான் பலரையும் மண்டையைப் பிய்க்க வைப்பது. மேப் செய்த பெயர் கணினிக்குச் சொந்தமில்லை, அதில் உள்ளே நுழைந்திருக்கும் ஆளுக்குச் சொந்தம். ஒரே கணினியில் காலை ஷிஃப்டுக்கு ஒரு லாகின், மாலை ஷிஃப்டுக்கு ஒரு லாகின் என்றால், காலையில் இருக்கும் இசட் மாலையில் இருக்காது. உங்கள் போனை நான் எடுத்து என் சிம்மைப் போட்டு, என் கணக்கைத் திறந்தால் உங்கள் மாமா எப்படி வருவார்?

இதுவரை சரி, புரிந்துவிடும். அடுத்ததுதான் வினோதம். ஒரே ஆள், ஒரே லாகின், இருந்தும் ஒரு மென்பொருளுக்கு மட்டும் இசட் தெரியாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் இசட் கண்ணெதிரே இருக்கிறது, கணக்கு மென்பொருளைத் திறந்தால் "அப்படி ஒரு டிரைவே இல்லை" என்கிறது. அந்த மென்பொருளின் ஐகானை ரைட் கிளிக் செய்து பாருங்கள். 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' முறையில் திறக்கும்படி யாராவது செய்து வைத்திருப்பார்கள். அப்படித் திறக்கும்போது விண்டோஸ் உங்களையே இரண்டு ஆட்களாகப் பாவிக்கிறது: சாதாரண நீங்கள், அதிகாரம் கூடிய நீங்கள். இரண்டு பேருக்கும் தனித்தனிப் போன், தனித்தனிப் பெயர்ப் பட்டியல். சாதாரண நீங்கள் சேமித்த இசட், அதிகாரி நீங்களுக்குத் தெரியாது. பாதுகாப்புக்காகத் தெரிந்தே செய்த ஏற்பாடு இது, பழுது கிடையாது. அந்த மென்பொருளுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் முறை உண்மையில் தேவையா என்று முதலில் பாருங்கள். பல சமயம் தேவையே இருக்காது. தேவை என்றால், அதற்குள் இசட் என்று கொடுக்காமல் முழு விலாசத்தையே கொடுத்துவிடுங்கள். எண்ணை நேராக அழுத்துபவருக்குப் பெயர்ப் பட்டியல் எதற்கு?

இந்த இடம் வரை வந்ததைச் சுருக்கினால்: எழுத்து ஒரு பெயர், பெயர் ஆளுக்கு ஆள் தனி, விலாசத்தைத் தட்டியதும் திறந்தால் கவலை இல்லை. இனிமேல் விலாசமே திறக்காத கதை.

## வழி இல்லை என்றால்

"நெட் நல்லா வருதே" என்பார்கள். இதைக் கேட்காத வாரமே எனக்கு இல்லை. இணையம் வருவதும், அடுத்த அறையில் இருக்கும் கணினி தெரிவதும் வேறு வேறு. உங்கள் லேப்டாப் யாரோ ஒருவர் போனின் ஹாட்ஸ்பாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் யூடியூப் ஜோராக ஓடும், இசட் வராது. நீங்கள் ஆபீஸ் நெட்வொர்க்கிலேயே இல்லை. குலசேகரத்தில் ஒரு ரப்பர் வியாபாரியின் கடையில் அரை நாள் உட்கார்ந்தேன். ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டி ஒன்று, மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று பின்னால் வாங்கி மாட்டிய ரவுட்டர் ஒன்று. கீழே இருக்கும் கணினிகள் ஒரு நெட்வொர்க், மாடியில் இருப்பவை இன்னொன்று. இரண்டிலும் இணையம் வந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கறுப்புத் திரையில் 'ஐபிகான்ஃபிக்' என்று தட்டியதும் குட்டு வெளிப்பட்டது. கீழே 192.168.1 என்று தொடங்கும் எண்கள், மாடியில் 192.168.0. மாடியிலிருந்த ரவுட்டரைச் சும்மா சிக்னல் பரப்பும் வேலைக்கு மட்டும் மாற்றி வைத்ததும் எல்லாம் ஒரே வீடாகிவிட்டது.

அந்த எண்ணுக்குப் பெயர் ஐபி முகவரி: நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் ரவுட்டர் கொடுக்கும் அடையாள எண். அதை ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இன்று உங்களுக்கு ஏழாம் நம்பர் என்றால் நாளைக்கும் ஏழு என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. பல நாள் அதே எண்ணே கிடைத்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் ரவுட்டரும் கணினிகளும் ஒன்றாக அணைந்து எழுந்தால் வரிசை மாறிப்போகலாம். பெரிய கணினியின் பெயரைக் கொடுக்காமல் எண்ணைக் கொடுத்து மேப் செய்தவர்களுக்கு அன்றைக்குத்தான் இசட் தொலையும். மேப் செய்யும்போது பெயரையே கொடுங்கள். எண்தான் வேண்டும் என்றால், அந்தக் கணினிக்கு எப்போதும் ஒரே எண் என்று ரவுட்டரின் அமைப்பில் ஒதுக்கி வைக்கலாம்.

பெரிய கணினி தூங்கிப்போவதும் அடிக்கடி நடக்கும். ஆள் தொடாத கணினி சிறிது நேரத்தில் ஸ்லீப் நிலைக்குப் போகும்படிதான் விண்டோஸ் வருகிறது. மற்றவர்கள் நம்பியிருக்கும் கணினிக்கு அந்தப் பழக்கம் ஆகாது. பவர் அமைப்பில் 'நெவர்' வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, நெட்வொர்க்கின் வகை. புது ரவுட்டர் வைத்ததும் விண்டோஸ் அந்த நெட்வொர்க்கைப் 'பப்ளிக்' என்று எடுத்துக்கொள்ளும், அதாவது வடசேரி பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்கள் நடுவே நிற்பது போல. உடனே ஃபயர்வால், அதாவது வெளியிலிருந்து வருபவரை நிறுத்தி விசாரிக்கும் காவல், கதவைச் சாத்திவிடும். பெரிய கணினியில் அதைப் 'பிரைவேட்' ஆக்கினால் கதவு திறக்கும். ரவுட்டர் மாற்றியதிலிருந்து இசட் வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

வழி இல்லாதபோது கறுப்புத் திரை 53 என்ற பிழை எண்ணைக் காட்டும். விலாசத்தில் பெரிய கணினி கிடைக்கவில்லை என்று பொருள். 67 என்று வந்தால், பெரும்பாலும் ஷேரின் பெயரில் எழுத்துப்பிழை, அல்லது அந்த ஷேரையே யாரோ எடுத்துவிட்டார்கள்.

## வாசலில் நிறுத்தினால்

வழி சரி, வாசல் வரை போயாயிற்று, உள்ளே விடவில்லை. 5 என்று வந்தால் அனுமதி இல்லை, 86 என்று வந்தால் பாஸ்வேர்ட் தப்பு.

இங்கே நம் ஊரில் மிக அதிகம் பார்ப்பது பின் நம்பர் குழப்பம். கணினியைத் திறக்க நாலு இலக்க பின்னைத் தினமும் போட்டுப் பழகி, பாஸ்வேர்ட் என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிருக்கும். அந்தப் பின் அந்தக் கணினியின் முன்னால் உட்காருபவருக்கு மட்டும்தான். நெட்வொர்க் வழியாக வருபவர் அந்த லாகினின் உண்மையான பாஸ்வேர்டைத்தான் சொல்ல வேண்டும். பின்னை எத்தனை முறை தட்டினாலும் கதவு திறக்காது.

அடுத்தது, பெரிய கணினியில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மற்ற கணினிகளை மறந்துவிடுவது. அவை பழைய பாஸ்வேர்டையே நினைவில் வைத்துக்கொண்டு முட்டிக்கொண்டிருக்கும். கண்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்ற இடத்தில் அந்தப் பழைய பதிவை நீக்கினால் புதிதாகக் கேட்கும். 1219 என்ற எண் வந்தால், ஒரே பெரிய கணினிக்குள் இரண்டு வேறு லாகின் பெயர்களில் ஒரே நேரத்தில் நுழையப் பார்க்கிறீர்கள். ஒரே வீட்டுக்கு முன்வாசலில் ஒரு பெயர், பின்வாசலில் ஒரு பெயர் சொன்னால் சந்தேகப்படத்தானே செய்வார்கள். பழைய இணைப்புகளை டிஸ்கனெக்ட் செய்துவிட்டு, ஒரு முறை சைன்-அவுட் ஆகி வாருங்கள்.

பாஸ்வேர்டே இல்லாமல் 'கெஸ்ட்' ஆகத் திறந்து வைத்த ஷேர்கள் இப்போது நின்றுபோகின்றன. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து ப்ரோ வகைக் கணினிகளும் அப்படிப்பட்ட ஷேரைத் திறக்க மறுக்கின்றன. "அப்டேட் போட்டதும் போச்சு" என்ற புகாருக்குப் பின்னால் அடிக்கடி இது இருக்கும். அப்டேட்டைத் திட்டுவதைவிட ஷேருக்கு ஒரு லாகினும் பாஸ்வேர்டும் வைப்பது சுலபம்.

போகிற போக்கில் ஒன்று. பெரிய கணினியில் சாதாரண விண்டோஸ் 10 அல்லது 11 என்றால், ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரைதான் ஏற்கும். ஆபீஸ் பெரிதாகிக்கொண்டே போனால் ஒரு நாள் கடைசியில் வருபவருக்கு இடம் இருக்காது.

## பழைய பாஷை பேசும் பெட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் பல வீட்டு அலமாரியில் திருவிதாங்கூர் காலத்து ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், மலையாளத்தில் எழுதியது கிடக்கும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு பிறந்த தலைமுறையில் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. பத்திரம் செல்லும், படிக்க ஆள் வேண்டும்.

கணினிகளுக்கும் அந்த நிலைமை உண்டு. ஃபைல் கேட்பதற்கும் கொடுப்பதற்கும் அவை பேசும் பாஷையின் பெயர் எஸ்எம்பி. 1983-இல் ஐபிஎம்மில் பிறந்தது. அதன் ஆரம்பகால வடிவம் எஸ்எம்பி 1, இப்போது புழங்குவது 2-உம் 3-உம். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வானாக்ரை, அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வைரஸ், எஸ்எம்பி 1-ஐ விண்டோஸ் கையாண்டதில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினி விட்டுக் கணினி தாவியது. அந்த ஆண்டு அக்டோபரில் தொடங்கி மைக்ரோசாஃப்ட் அதைப் படிப்படியாக விண்டோஸிலிருந்து எடுத்துவிட்டது. பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கணினிக்கு இந்தப் பழைய பாஷை மட்டும்தான் தெரியும். மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் எல்லாம் அடங்கிய பழைய நெட்வொர்க் டிஸ்க் பெட்டி ஒன்று இருந்தது. புதிதாக வாங்கிய கணினியில் அது தெரியவே இல்லை, பழைய கணினியில் தெரிந்தது. ஒன்று மலையாளம் மட்டும் பேசியது, மற்றது அதை மறந்திருந்தது.

விண்டோஸில் எஸ்எம்பி 1-ஐ மறுபடி இயக்கச் சொல்லி யாராவது வழி சொல்வார்கள், வேலையும் செய்யும். என் அபிப்பிராயம்: படங்களை நகல் எடுக்கும் ஒரு நாளுக்கு மட்டும் இயக்குங்கள், எடுத்ததும் அணைத்துவிடுங்கள். பூட்டு உடைந்த கதவை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டாம்.

## அந்த ஜூன் மழைக் காலை

நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அதனால் மழைக்குக் கரண்ட் போவதும் வருசத்தில் இரண்டு பருவம். அன்று இரவு கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர், பெரிய கணினி எல்லாம் ஒன்றாக அணைந்து எழுந்திருந்தன. பெரிய கணினி முன்பு 192.168.1.5, இப்போது 192.168.1.8. பழைய 5-ஆம் டோக்கன் யாரோ ஒருவரின் செல்போனுக்குப் போயிருந்தது. மூன்று வருடக் கணக்கைத் தேடி அந்த அலுவலகம் முழுக்க ஒரு செல்போனின் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இசட்டை எண்ணில் மேப் செய்தது யார் என்று கேட்டார்கள். ரெண்டு வருடத்துக்கு முன்னால் அவசரத்தில் செய்தது நான்தான். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, நாலு கணினியிலும் பெயரைக் கொடுத்து மேப் செய்து டிக் போட்டு வந்தேன்.

மறுவாரம் மறுபடி போன். "அண்ணே, சிவப்பு குறி வந்திருக்கு."

"தொறந்து பாத்தியா?"

"தொறக்குது."

"அப்ப விட்டுரு மக்கா."